ஸ்லைடு ரூலில் பெருக்கலும் வகுத்தலும்: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

அளவுகோல் போன்ற சட்டங்களும் நடுவே நகரும் பட்டையும் கொண்ட கணக்குக் கருவிதான் ஸ்லைடு ரூல். ஆனால் அதைக் கொண்டு கூட்ட முடியாது. கழிக்கவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேடிப்பிடித்து ஒன்றை வாங்கி வந்தவர்களில் பலர் முதலில் செய்து பார்ப்பது இரண்டையும் மூன்றையும் கூட்டுவதைத்தான். விடை ஆறு என்று வந்ததும் கருவி பழுது என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். பழுது ஒன்றுமில்லை. அது பெருக்குவதற்காகச் செய்த கருவி. வகுக்கவும், வர்க்கம், வர்க்கமூலம் காணவும் அதற்குத் தெரியும். கூட்டல் கழித்தலுக்கு உங்கள் மனம் இருக்கிறது, இல்லையென்றால் தாளும் பென்சிலும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது மூன்று இலக்கம் வரைதான் நம்பகமானது. 2,547 ரூபாய் 35 காசு என்று பில் போட இது உதவாது. "ஏறத்தாழ 2,550" என்று சொல்லும். அந்த அளவு துல்லியத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் பாலங்களையும் ரயில் பெட்டிகளையும் கணக்கிட்டார்கள் என்பதால், அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

எங்கே கிடைக்கும்?

புதிதாக வாங்கக் கடையில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். ஆனால் வடசென்னை வீடுகளின் பரண்களில் இன்னும் கணிசமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. காரணம் இருக்கிறது. பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள், 1955 முதல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., எண்ணூரில் லாரித் தொழிற்சாலை, ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம் என்று இந்தப் பகுதி முழுக்க இயந்திரத்தோடு பிழைத்த பகுதி. இங்கெல்லாம் டிராயிங் பிரிவில் வேலை பார்த்த பழைய ஆட்களுக்குப் பாக்கெட் கால்குலேட்டர் கிடையாது. மடக்கை (log), திரிகோணமிதி எல்லாம் போடத் தெரிந்த முதல் கையடக்கக் கால்குலேட்டரான ஹெச்.பி.-35 வந்ததே 1972-இல்தான். அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் தயாரிப்பு அநேகமாக நின்றுபோனது. அயனாவரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் யாராவது உங்கள் உறவில் இருந்தால், அவருடைய டிராயிங் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். கேட்டதற்காக ஒரு மணி நேரம் பேச்சைக் கேட்க வேண்டிவரும், அவ்வளவுதான். அதுவும் கேட்கத் தகுந்த பேச்சாகவே இருக்கும். அடுத்த வழி காயலான் கடை.

கிடைத்ததும் மூன்றைச் சோதியுங்கள். நடுப்பட்டை இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் நகர வேண்டும். மேலே ஓடும் கண்ணாடியில் விரிசல் இருக்கக் கூடாது. நடுப்பட்டையின் இடது 1-ஐக் கீழ்ச் சட்டத்தின் இடது 1-க்கு நேராக வைத்தால், வலது முனைகளும் அதே நேரத்தில் ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் பட்டை வளைந்திருக்கிறது அல்லது சுருங்கியிருக்கிறது. அதை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், கணக்குக்கு ஆகாது.

கடற்காற்று படும் வீடுகளில், அதாவது காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம், மரத்திலும் மூங்கிலிலும் செய்தவை ஈரத்தை உறிஞ்சி உப்பி இறுகிவிடும். வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். நன்கு காய்ந்த இடத்தில் சில நாள் விட்டு வைத்தால் பெரும்பாலும் தானே இளகும். பிறகு விளிம்பில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் போதும், எண்ணெய் விடக் கூடாது. அழுக்கைத் துடைக்க ஈரத்துணியும் துளி சோப்பும் போதும். தின்னர், ஸ்பிரிட் எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். அழுக்கோடு எண்களும் போய்விடும்.

கிடைக்கவே இல்லையா? நீங்களே செய்யலாம்

பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 25 செ.மீ.க்குச் சற்று கூடுதலான நீளத்தில் இரண்டு பட்டைகளை நேர்விளிம்பாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இடது முனையருகே ஒரு கோடு போட்டு அதற்கு 1 என்று பெயரிடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து அளந்து 7.53 செ.மீ.யில் 2, 11.93-இல் 3, 15.05-இல் 4, 17.47-இல் 5, 19.45-இல் 6, 21.13-இல் 7, 22.58-இல் 8, 23.86-இல் 9, சரியாக 25-இல் 10 (அதையும் 1 என்றே எழுதலாம்). ஒரு பட்டையில் கோடுகள் மேல் விளிம்பைத் தொட வேண்டும், இன்னொன்றில் கீழ் விளிம்பை. இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தால் ஸ்லைடு ரூல் தயார்.

இடைப்பட்ட கோடுகள் வேண்டுமானால், அந்த எண்ணின் மடக்கையை 25-ஆல் பெருக்கினால் செ.மீ. வந்துவிடும். 1.5-இன் மடக்கை 0.1761, ஆகவே அது 4.40 செ.மீ.யில். 2.5 என்பது 9.95-இல். மடக்கைப் புத்தகம் இல்லாதவர்கள் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரைத் தட்டித்தான் மடக்கை காண வேண்டும். முரண்தான், என்ன செய்வது.

அட்டையில் செய்தாலும் வாங்கியதானாலும், இது எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போதே பார்த்துவிடலாம். பள்ளிக்கூட அளவுகோல்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் பூஜ்யத்தை மற்றதன் 2-க்கு நேராக வைத்துப் பாருங்கள். மேலே 3 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே 5 இருக்கும். நீளத்தோடு நீளம் கூடியது. அட்டைப் பட்டையிலும் அதேதான் நடக்கிறது: 7.53 செ.மீ.யும் 11.93 செ.மீ.யும் சேர்ந்தால் 19.46. அந்த இடத்தில் நாம் எழுதியிருப்பது 6. நீளங்கள் கூடுகின்றன, எண்கள் பெருகுகின்றன. 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதும், சில ஆண்டுகளில் எட்மண்ட் கன்டர் அதை ஒரு கோலில் நீளமாகப் பொறித்தார். அப்படிப்பட்ட இரண்டு கோல்களை அருகருகே நகர்த்தலாம் என்று கண்டவர் வில்லியம் ஆட்ரெட் என்ற பாதிரியார். இன்று நாம் கையில் எடுக்கும் வடிவத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைத்துக் கொடுத்தவர் மேன்ஹைம் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. வரலாறு இவ்வளவு போதும்.

உறுப்புகள்

நகராத மேல், கீழ்ச் சட்டங்கள். நடுவே நகரும் பட்டை. இவற்றுக்கு மேல் ஓடும் கண்ணாடித் துண்டு, அதற்குக் கர்சர் என்று பெயர். அதன் நடுவில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். ஓரத்தில் ஏ, பி, சி, டி, கே என்று எழுத்துகள் காணப்படும். நடுப்பட்டையின் கீழ் விளிம்பில் உள்ளது சி, அதை ஒட்டிக் கீழ்ச் சட்டத்தில் உள்ளது டி. இந்த இரண்டும் ஒரே மாதிரியானவை. அடிப்படைக் கணக்குக்கு சி-யும் டி-யும் போதும். மற்ற எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம், தற்போதைக்கு அவை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கோடுகளைப் படிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பெருக்கலை ஒரு மாலையில் கற்றுவிடலாம். அளவைப் படிப்பதில் கண் பழகுவதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். படிக்கத் தெரியாமல் பெருக்கப் போவதில் பயனில்லை.

டி அளவில் இடது முனை 1, வலது முனையும் 1 (அது 10). நடுவில் 2 முதல் 9 வரை. இடைவெளிகள் சமமாக இல்லை. 1-க்கும் 2-க்கும் நடுவே பெரிய வெளி, 9-க்கும் 10-க்கும் நடுவே நெருக்கடி. அதனால் சிறு கோடுகளின் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். சாதாரண 25 செ.மீ. ரூலில் மூன்று பகுதிகள் உண்டு.

முதல் பகுதி 1 முதல் 2 வரை. இங்கே சிறிய எழுத்தில் மறுபடியும் 1 முதல் 9 வரை எண்கள் இருக்கும். அவை 1.1, 1.2 என்று தொடங்கி 1.9 வரை. புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். சிறிய 4-ஐப் பார்த்து நாலு என்று எண்ணிவிடுவார்கள், அது 1.4. உண்மையான 4 ரூலின் பாதியைத் தாண்டி இருக்கிறது. இந்தப் பகுதியில் ஒவ்வொரு சிறு கோடும் 0.01. ஆகவே 1.37 என்பது சிறிய 3-ஐத் தாண்டி ஏழாவது கோடு.

இரண்டாவது பகுதி 2 முதல் 4 வரை. இங்கே ஒவ்வொரு சிறு கோடும் 0.02. 2.46 வேண்டுமானால் 2.4-ஐத் தாண்டி மூன்றாவது கோடு. 2.47 வேண்டுமானால் 2.46-க்கும் 2.48-க்கும் நட்ட நடுவே கோடில்லாத இடத்தில் கண்ணால் குறிக்க வேண்டும்.

மூன்றாவது பகுதி 4 முதல் 10 வரை. ஒவ்வொரு சிறு கோடும் 0.05. 6.25 என்பது 6.2-க்கு அடுத்த சிறு கோடு. 8.73-ஐத் தேடினால் 8.70-க்கும் 8.75-க்கும் இடையே, பாதியைச் சற்றுத் தாண்டி.

சட்டைப் பைக்கு அடங்கும் குட்டி ரூல் கிடைத்திருந்தால் கோடுகள் இன்னும் குறைவாக இருக்கும். எந்த ரூலானாலும் ஒரு வழி இருக்கிறது. எண்ணுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணி, அதை வைத்து ஒரு கோட்டின் மதிப்பைக் கண்டுகொள்ளுங்கள். ஊகிக்க வேண்டாம்.

கர்சரின் கோட்டை நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும். விளக்கு ஒரு பக்கமாக இருந்தால் கோட்டின் நிழலும் விழுந்து குழப்பும்.

பழகுவதற்கு எண்ணுக்குப் பஞ்சமில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு நடை போனால் கடைக்குக் கடை விலைச் சீட்டு. 249, 375, 680, 1,150 என்று நாலைந்தை மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து டி அளவில் ஒவ்வொன்றையும் கண்டுபிடியுங்கள். 249-ஐயும் 2.49-ஐயும் ஒரே இடத்தில்தான் தேட வேண்டும். 0.0249-க்கும் அதே இடம்தான். 1,150 என்பது 1.15-இல். ரூலுக்குப் பூஜ்யங்களும் தசமப் புள்ளியும் தெரியாது. இது குறையாகத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், அதைப் பற்றித்தான் பிறகு நிறையப் பேசப் போகிறேன்.

பெருக்கல்

2 × 3. சி-யின் இடது 1-ஐ டி-யின் 2-க்கு மேல் கொண்டுவாருங்கள். கர்சரை சி-யின் 3-க்கு நகர்த்துங்கள். அதன் கோட்டுக்குக் கீழே டி-யில் 6. நடுப்பட்டையை அசைக்காமலே சி-யின் 4-ஐப் பாருங்கள், டி-யில் 8. சி-யின் 1.5-க்குக் கீழே 3. இரண்டாம் வாய்ப்பாடு மொத்தமும் கண்முன் விரிந்து கிடக்கிறது.

இப்போது துணிக்கடைக்குப் போகலாம். மீட்டர் 165 ரூபாய்த் துணி 2.4 மீட்டர். இடது 1-ஐ டி-யில் 1.65-க்கு மேல் வைத்து, கர்சரை சி-யின் 2.4-க்கு நகர்த்தினால் டி-யில் 3.96 என்ற கோட்டின் மேலேயே நிற்கும். விடை 396 ரூபாய். 3.96 எப்படி 396 ஆனது? 39.6 ஏன் இல்லை? 2.4 என்பது இரண்டரைக்குச் சற்றுக் குறைவு, 165 என்பது 160-க்குச் சற்று மேல். இரண்டரை முறை 160 என்றால் 400. ஆகவே 396.

அடுத்து மீன். வஞ்சிரம் கிலோ 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மீன் 3.4 கிலோ நிற்கிறது. இடது 1-ஐ டி-யின் 7.5-க்கு மேல் வைத்தால், சி-யின் 3.4 வலது பக்கம் வெளியே போய்த் தொங்கும். அதற்குக் கீழே டி இல்லை. இந்தச் சமயத்தில் சி-யின் வலது 1-ஐ எடுத்து 7.5-க்கு மேல் வையுங்கள். பட்டை இப்போது இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சி-யின் 3.4-க்குக் கீழே டி-யில் 2.54-க்கும் 2.56-க்கும் நடுவே கர்சர் நிற்கும், அதாவது 2.55. மூன்று கிலோவே 2,250 ஆகிறதே, ஆகவே விடை 2,550.

எந்த 1 என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இரண்டு எண்களின் முன் இலக்கங்களைப் பெருக்கிப் பாருங்கள். பத்துக்குள் அடங்கினால் இடது 1, பத்தைத் தாண்டினால் வலது 1. பத்தை ஒட்டி வந்தால் இரண்டையும் முயன்று பார்க்க வேண்டியதுதான்.

புள்ளி வைப்பது உங்கள் வேலை

இந்தக் கருவியின் கிறுக்குத்தனமும் இங்கேதான், பெருமையும் இங்கேதான். அது இலக்கங்களைக் கொடுக்கும். அவை ஆயிரமா, நூறா, பைசாவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் விடை ஏறத்தாழ எவ்வளவு என்பது கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்தில், கால்குலேட்டர் வந்ததால் நாம் இழந்தது இதைத்தான். திரையில் பத்து இலக்கம் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். பட்டனை ஒரு முறை தவறாக அழுத்தினால் பத்து மடங்கு பிழை வரும் என்பது நமக்கு உறைப்பதில்லை. ஸ்லைடு ரூல்காரர் அந்தப் பிழையை எளிதில் செய்ய மாட்டார், ஏனென்றால் அவர் முதலிலேயே தோராயம் போட்டுவிட்டுத்தான் பட்டையைத் தொடுகிறார்.

காசிமேட்டு ஏலத்தில் கூடையைப் பார்த்த கணத்தில் மனத்துக்குள் ஒரு தொகையைக் கட்டிவிடும் மீன்காரப் பெண்களுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடையில் என்ன எடை நிற்கும், இன்று என்ன விலை போகும், இரண்டையும் பெருக்கினால் எவ்வளவுக்குமேல் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்கு ஏலக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே தெரியும். நமக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

தோராயம் போடும் முறை எளிது. ஒவ்வொரு எண்ணையும் முன் இலக்கம் ஒன்றை மட்டும் வைத்து முழுமையாக்குங்கள். ஒன்றைக் கூட்டி முழுமையாக்கினால் இன்னொன்றைக் குறைத்து முழுமையாக்குவது நல்லது, பிழை ஓரளவு ஈடாகும். இரண்டையும் கூட்டியே முழுமையாக்க நேர்ந்தாலும் பாதகமில்லை. எடுத்துக்காட்டாக, மீட்டருக்கு 0.047 கிலோ எடையுள்ள கம்பி 385 மீட்டர். 0.05 முறை 400 என்றால் 20. இப்போது ரூல்: வலது 1-ஐ டி-யின் 4.7-க்கு மேல் வைத்து, சி-யின் 3.85-க்குக் கர்சரை நகர்த்தினால் டி-யில் 1.81. இருபதை ஒட்டி வரக்கூடியது 18.1 மட்டுமே. 1.81 கிலோவும் இல்லை, 181 கிலோவும் இல்லை.

ஒரே கணக்கில் மூன்று எண்கள் வந்தாலும் வழி இதுதான். வியாசர்பாடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 48 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை நிமிடத்துக்கு 220 சுற்று வேகத்தில் கடைகிறார்கள். வெட்டு வேகம் எத்தனை மீட்டர்? பை (π) என்ற எண்ணை விட்டத்தாலும் சுற்றாலும் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். தோராயம்: 3 × 50 × 200 = 30,000. ஆயிரத்தால் வகுத்தால் 30. ரூலில், டி-யில் 3.14-க்குப் பக்கத்தில் பைக்கென்றே தனிக்கோடு இருக்கும். வலது 1-ஐ அதன்மேல் வைத்துக் கர்சரை சி-யின் 4.8-க்குக் கொண்டுபோங்கள். அங்கே டி-யில் என்ன எண் என்று படிக்கவே வேண்டாம். கர்சரை அப்படியே விட்டுவிட்டு, பட்டையின் இடது 1-ஐக் கர்சர் கோட்டுக்கு அடியில் கொண்டுவந்து, பிறகு கர்சரை சி-யின் 2.2-க்கு நகர்த்துங்கள். டி-யில் 3.32. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 33.2 மீட்டர். இடையில் வரும் விடையை எழுதிக்கொள்ளாமல் கர்சரை நினைவாக வைத்துக்கொள்வது என்ற இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வேகம் கூடும், பிழையும் குறையும்.

வகுத்தல்

பெருக்கலைத் தலைகீழாகச் செய்வதுதான், நீண்ட விளக்கம் தேவையில்லை. வகுபடும் எண்ணை டி-யில் கர்சரால் பிடியுங்கள். வகுக்கும் எண்ணை சி-யில் அதற்கு நேராகக் கொண்டுவாருங்கள். சி-யின் 1 எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே டி-யில் விடை. இடது 1 வெளியே போயிருந்தால் வலது 1-ஐப் பாருங்கள், இரண்டில் ஒன்று கட்டாயம் உள்ளே இருக்கும். பெருக்கலில் வரும் அந்தத் தொல்லை வகுத்தலில் இல்லை.

18 கிலோ சங்கரா 4,140 ரூபாய்க்கு ஏலம் போனது என்றால் கிலோ என்ன விலை? 4,000-ஐ 20-ஆல் வகுத்தால் 200, அதை ஒட்டித்தான் விடை. டி-யில் 4.14 (4.10-க்கும் 4.15-க்கும் இடையே, 4.15-ஐ நெருங்கி), அதன்மேல் சி-யின் 1.8. இடது 1-க்குக் கீழே 2.3. கிலோ 230 ரூபாய்.

ஒரே அமைப்பில் ஒரு பட்டியல்

கால்குலேட்டர் இருக்கும்போது இதை ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பயன்பாட்டைத்தான். நடுப்பட்டையை ஒரு முறை பொருத்தினால் சி-க்கும் டி-க்கும் இடையே உள்ள விகிதம் நீளம் முழுக்க மாறாமல் நிற்கும்.

27 கிலோ நெத்திலி 4,500 ரூபாய். அதைச் சிலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சி-யின் 2.7-ஐ டி-யின் 4.5-க்கு மேல் வையுங்கள். இனிப் பட்டையைத் தொட வேண்டாம். சி-யில் கிலோ, டி-யில் ரூபாய். 12 கிலோவுக்குக் கீழே 2,000. 18-க்குக் கீழே 3,000. 21-க்கு 3,500. 24-க்கு 4,000. பத்து கிலோவுக்கு மேல் யார் எத்தனை கிலோ கேட்டாலும் கர்சரை நகர்த்தினால் போதும். கிலோ என்ன விலை என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை, தெரிந்தே ஆக வேண்டுமென்றால் இடது 1-க்குக் கீழே 167 என்று இருக்கிறது.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் இதே வித்தையை வேறு மாதிரி செய்யலாம். 15 சதவீதம் தள்ளுபடி என்றால் கொடுக்க வேண்டியது 85 சதவீதம். சி-யின் வலது 1-ஐ டி-யின் 8.5-க்கு மேல் வைத்துவிட்டுக் கடைக்குள் நுழையுங்கள். சி-யில் சீட்டு விலை, டி-யில் கொடுக்க வேண்டிய தொகை: 480-க்கு 408, 640-க்கு 544, 720-க்கு 612. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அலகு மாற்றமும் இந்த இனம்தான். ஓர் அடி 30.48 செ.மீ. வலது 1-ஐ டி-யில் 3.048 இருக்கும் இடத்துக்கு (3.04-ஐத் தாண்டிப் பாதி தூரத்துக்குச் சற்றுக் குறைவாக) கொண்டுபோய் வைத்தால் நாலடி முதல் பத்தடி வரை செ.மீ.யாகப் படிக்கலாம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், ஐந்தரை அடி அகலப் பாதையில் ஓடியது. சி-யின் 5.5-க்குக் கீழே டி-யில் பாருங்கள்: 1.68-க்குச் சற்று முன்னால் நிற்கும். ஐந்தரை முறை முப்பது 165 என்பதால் அது 168 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ரயில்வேயின் அதிகாரபூர்வ அளவு 1,676 மி.மீ.

வர்க்கமும் மூலமும் கொஞ்சம்

இப்போது மேலே இருக்கும் ஏ அளவைப் பார்க்கலாம். அதில் 1 முதல் 10 வரை இரண்டு முறை வரும், இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. கர்சரை டி-யில் ஓர் எண் மீது வைத்தால் ஏ-யில் அதன் வர்க்கம். 3-க்கு மேலே 9. அவ்வளவுதான்.

மூலம் எடுக்கும்போது எந்தப் பாதி என்பதில் கவனம் தேவை. முழு எண்ணில் இலக்கங்கள் ஒற்றைப்படை என்றால் இடது பாதி, இரட்டைப்படை என்றால் வலது பாதி. சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் எவ்வளவு? நான்கு இலக்கம், ஆகவே ஏ-யின் வலது பாதியில் 24-ஐப் பிடியுங்கள். டி-யில் 4.9. ஒரு பக்கம் 49 அடி. இடது பாதியில் தவறாகப் பிடித்திருந்தால் 1.55 வந்திருக்கும். பதினைந்தரை அடிப் பக்கமுள்ள சதுரம் ஒரு பெரிய அறைதான், கிரவுண்டு ஆகாது. கே அளவு கனத்துக்கும் கனமூலத்துக்கும், அதில் 1 முதல் 10 மூன்று முறை வரும். தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

பழகுவதற்குச் சில கணக்குகள்

ஒவ்வொன்றுக்கும் தோராயத்தை முதலில் தாளில் எழுதிவிட்டு ரூலைத் தொடுங்கள்.

1.8 × 4.2. 62 × 3.7. 0.35 × 0.84. 91-ஐ 2.6-ஆல் வகுத்தல். 5.2-ஐ 0.065-ஆல் வகுத்தல். 45 கிலோவுக்கு 7,200 ரூபாய் என்றால் 32 கிலோவுக்கு எவ்வளவு. 640-இன் வர்க்கமூலம்.

விடைகள் வரிசையாக: 7.56, 229, 0.294, 35, 80, 5,120, 25.3. இரண்டாவது கணக்கில் துல்லியமான விடை 229.4. நீங்கள் 229 என்று படித்தாலும் 230 என்று படித்தாலும் சரியே. 225 வந்தால் கர்சரைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறீர்கள், அல்லது 2-க்கும் 4-க்கும் நடுவில் உள்ள கோடுகளை 0.01 என்று எண்ணியிருக்கிறீர்கள். ஐந்தாவது கணக்கில் 0.8 என்று எழுதியவர்கள் ரூலைச் சந்தேகிக்க வேண்டாம். ஐந்தை மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகும் என்பதைத் தோராயத்தில் பார்த்திருக்க வேண்டும்.